டைக்ளோஃபெனாக், வெயில், இரும்புத் தாது: ஒரு மருந்து எச்சத்தைப் பின்தொடர்ந்த நிகழ்வு ஆய்வு

வலி நிவாரணிகளில் டைக்ளோஃபெனாக் அளவுக்கு உலகம் முழுக்கப் புழங்கும் மருந்துகள் சிலவே. மாத்திரை, ஊசி, தடவும் ஜெல் என்று பல வடிவங்களில் கிடைக்கிறது. 1970களில் சந்தைக்கு வந்தது. இன்று பல நாடுகளில் ஆற்று நீரையும் ஏரி நீரையும் சோதித்தால் அகப்படும் மருந்துகளின் பட்டியலில் இதன் பெயர் தவறாமல் இருக்கிறது. நீரில் கலந்த மருந்தை இயற்கைக் கனிமத்தையும் வெயிலையும் வைத்து அகற்றலாம் என்கிற யோசனையை உரசிப் பார்க்க இது மிகவும் தோதான மருந்து. வெயில் பட்டாலே தானாகச் சிதையத் தொடங்கும் என்பதுதான் காரணம். நாம் ஏமாறுவதற்கும் அதுவே காரணம்.

இங்கே இந்த ஒரே மருந்தை மூன்று இடங்களில் பின்தொடர்கிறேன். முதலாவது, வெயில் மட்டுமே வேலை செய்த ஓர் ஏரி. அடுத்தது, வெயிலோடு கரைந்த இரும்பும் சேர்ந்த ஒரு சோதனைத் தளம். கடைசியாக, கரைந்த இரும்புக்குப் பதிலாகப் பொடித்த தாதைப் போட்டுப் பார்க்கும் ஆய்வக மேசை.

மருந்து நீருக்கு வரும் வழி

விழுங்கிய மாத்திரையில் பெரும்பகுதி கல்லீரலில் உருமாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. மாறாமல் வெளிவருவது கொஞ்சம்தான். ஆனால் உடல் வேறொரு மூலக்கூறைக் கோத்து அனுப்பிய பகுதியும் உண்டு. சாக்கடையில் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பை அவிழ்த்துவிட, பழைய மருந்து திரும்பக் கிடைத்துவிடுகிறது. ஜெல்லின் கதை இன்னும் நேரடியானது. தோல் வழியே உடலுக்குள் போவது சிறு பங்கு. மிச்சம் கை கழுவும்போதும் குளிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் அப்படியே வடிகாலுக்குப் போகிறது.

சுத்திகரிப்பு நிலையத்தில் என்ன நடக்கிறது? பெரும்பாலும் ஒன்றும் பெரிதாக நடப்பதில்லை. இந்த மூலக்கூறில் இரண்டு குளோரின் அணுக்கள் ஒரு பென்சீன் வளையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன; நுண்ணுயிரிகளுக்கு அது சுலபமான தீனி இல்லை. நடுநிலை நீரில் மருந்து எதிர்மின்சுமையோடு கரைந்திருப்பதால், அதே சுமையுள்ள கசடிலும் எளிதில் ஒட்டாது. பல நிலையங்களில் பாதிகூடக் குறையாமல் வெளியே போகிறது.

போனால் என்ன என்று கேட்கலாம். ரெயின்போ ட்ரௌட் மீன்களை வைத்து 2004இல் வெளியான ஆய்வுகளில், லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அளவிலேயே சிறுநீரகத்திலும் செவுளிலும் திசு மாற்றங்கள் தெரிந்தன. தெற்காசியாவில் பாறு கழுகுகளைக் கிட்டத்தட்ட துடைத்தெறிந்ததும் இதே மருந்துதான். அது நீர் வழியாக வந்த கேடு இல்லை. மருந்து கொடுக்கப்பட்ட கால்நடைகளின் சடலத்தைத் தின்றதால் வந்தது. காரணம் 2004இல் நிறுவப்பட்டது, கால்நடைகளுக்கான பயன்பாட்டை இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் 2006இல் தடை செய்தன. வழி வேறாக இருந்தாலும், மனிதனுக்குச் சாதாரணமான ஒரு வலி மருந்து மற்ற உயிர்களின் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

முதல் இடம்: வெயில் மட்டும்

சுவிட்சர்லாந்தில் சூரிக் நகரத்துக்கு அருகே கிரைஃபென்சே என்றொரு சிறிய ஏரி இருக்கிறது. சுத்திகரித்த கழிவுநீரைச் சுமந்து வரும் ஓடைகள் அதில் கலக்கின்றன. புசர், போய்கர், முல்லர் ஆகிய மூவர் 1998இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த நாட்டு ஆறுகளிலும் ஏரிகளிலும் லிட்டருக்கு 370 நானோகிராம் வரை டைக்ளோஃபெனாக் இருப்பதை அவர்கள் கண்டார்கள். ஆனால் கிரைஃபென்சேக்குள் வந்த மருந்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஏரியிலேயே காணாமல் போயிருந்தது. மாதிரியை வெயிலில் வைத்துப் பார்த்தபோது ஒரு மணி நேரத்துக்குள் பாதி அளவு குறைந்தது. ஏரியில் நடந்த வேலையைச் செய்தது பெருமளவு சூரிய ஒளிதான் என்று முடிவுக்கு வந்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'காணாமல் போனது' என்றால் என்ன பொருள்? அளக்கும் கருவி வரையும் கோட்டில் டைக்ளோஃபெனாக்குக்கு உரிய சிகரம், அதாவது அந்த மருந்து இருப்பதைக் காட்டும் மேடு, மறைந்துவிட்டது, அவ்வளவுதான். ஒளியை உறிஞ்சிய மூலக்கூறு முதலில் ஒரு குளோரினை ஹைட்ரஜனோடு சேர்த்து உதறுகிறது. உடனே இரண்டு வளையங்களும் ஒட்டிக்கொண்டு கார்பசோல் என்ற மூவளையச் சேர்மமாகின்றன. அப்புறம் இன்னொரு குளோரினும் போகிறது. மூலக்கூறின் எலும்புக்கூடு அப்போதும் நீரில்தான் இருக்கிறது. ஒரு கார்பன் அணுகூட கார்பன் டைஆக்சைடாகி வெளியேறியிருக்க வேண்டிய அவசியமில்லை.

2007இல் பாசிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு இதை இன்னும் சங்கடமாக்கியது. வெயிலில் வைத்த டைக்ளோஃபெனாக் கரைசல், வைக்காததைவிடப் பாசிக்கு அதிக நச்சாக இருந்தது. மருந்து குறைந்துகொண்டே வந்தது, நச்சோ ஏறியது. ஏரியின் நிலைமையும் அதுவேதான் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. சோதனையில் வைத்த செறிவு ஏரியில் இருப்பதைவிட மிக அதிகம். ஆனாலும் சிகரம் மறைந்ததை மட்டும் காட்டி 'நீர் சுத்தமாகிவிட்டது' என்று எழுதும் ஆய்வறிக்கையை நான் அதற்குப் பிறகு நம்புவதில்லை.

இரண்டாம் இடம்: வெயிலோடு இரும்பு

தென்கிழக்கு ஸ்பெயினில் அல்மேரியா அருகே வறண்ட வெளியில் பிளாட்டஃபோர்மா சோலார் தெ அல்மேரியா என்ற சூரிய ஆற்றல் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே வளைந்த அலுமினியப் பிரதிபலிப்பான்களுக்கு நடுவில் கண்ணாடிக் குழாய்கள் ஓடும். குழாய்க்குள் நீர் சுழன்றுகொண்டே இருக்கும். நேராக வரும் வெயிலோடு சிதறி வரும் ஒளியும் குழாய்மேல் விழும்படி அந்த வளைவு அமைந்திருக்கும். 2005இல் வெளியான ஆய்வொன்றில், இந்த அமைப்பில் டைக்ளோஃபெனாக் கரைசலோடு இரும்பு உப்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்து வெயிலில் சுழலவிட்டார்கள்.

இதன் வேதியியல் பழையது. இரும்போடு பெராக்சைடு சேர்ந்தால் கடுமையான ஆக்சிஜனேற்றம் நடக்கிறது என்பதை வேதியியலாளர் ஃபென்டன் 1894இலேயே டார்டாரிக் அமிலத்தில் காட்டிவிட்டார். இரண்டு மின்சுமையுள்ள இரும்பு, பெராக்சைடை உடைத்து ஹைட்ராக்சில் தனியுறுப்பைப் பிறப்பிக்கிறது. அகப்பட்ட கரிமப் பொருளையெல்லாம் பிய்த்துப்போடும் துகள் அது. இந்த வேலையில் இரும்பு மூன்று மின்சுமைக்கு ஏறி, அங்கேயே சோர்ந்து நின்றுவிடும். வெயில் நுழைவது இங்கேதான். மூன்று சுமை இரும்பின் ஹைட்ராக்சைடு வடிவம், புற ஊதாவையும் சுமார் 410 நானோமீட்டர் வரையிலான ஊதா ஒளியையும் உறிஞ்சி மறுபடி இரண்டு சுமைக்கு இறங்குகிறது. இறங்கும்போது இன்னொரு ஹைட்ராக்சிலையும் தருகிறது. ஆக, கொஞ்சம் இரும்பு போதும். அது சுற்றிச்சுற்றி வேலை செய்யும். தீர்ந்துபோவது பெராக்சைடு மட்டுமே.

முடிவு: 60 நிமிடத்தில் டைக்ளோஃபெனாக் முழுதும் போனது. கரைந்த கரிமக் கார்பன் முழுதும் மறைய 100 நிமிட வெயில் தேவைப்பட்டது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் 40 நிமிடம்தான் ஏரியில் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில். அந்த இடைவெளியில் நீரில் மருந்து இல்லை, ஆனால் அதன் துண்டுகள் இருந்தன. 18 இடைநிலைச் சேர்மங்களை அவர்கள் அடையாளம் கண்டார்கள். குழாயை 60ஆம் நிமிடத்தில் மூடியிருந்தால் அந்தத் துண்டுகளைத்தான் வெளியே விட்டிருப்போம்.

இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் வேறொன்று. ஃபென்டன் வினை பிஎச் 2.8 பக்கத்தில்தான் நன்றாக ஓடும். அதற்கு மேலே போனால் இரும்பு துருவாகப் படிந்துவிடும். டைக்ளோஃபெனாக்கோ ஒரு பலவீனமான அமிலம். பிஎச் 4க்குக் கீழே அது மின்சுமையை இழந்து, லிட்டருக்குச் சில மில்லிகிராமுக்கு மேல் கரையாமல் வெண்மையாக வீழ்படிகிறது. அதாவது அமிலத்தைச் சேர்த்த உடனேயே, வெயில் படுவதற்கு முன்பே, மருந்தின் பெரும்பகுதி கரைசலிலிருந்து வெளியேறிவிடும். அந்த நேரத்தில் மாதிரி எடுத்து, வழக்கம்போல நுண்வடிகட்டியில் வடித்துக் கருவிக்குள் செலுத்தினால் மருந்து கிட்டத்தட்ட காணாமல் போயிருக்கும். மருந்தெல்லாம் வடிகட்டித் தாளில் உட்கார்ந்திருக்கும். அறிக்கையில் '5 நிமிடத்தில் 90 விழுக்காடு அகற்றம்' என்று ஏறிவிடும். அல்மேரியா குழு இதைக் கவனித்து, வீழ்படிவது, மறுபடி கரைவது, கரைந்தது சிதைவது என்ற சுழற்சியாக விளக்கியது. வினை நடப்பது கரைந்த நிலையில்தான். படிந்த மருந்து கொஞ்சம்கொஞ்சமாகக் கரைந்து அதற்குத் தீனி போடுகிறது.

இந்தப் பொறியிலிருந்து தப்ப எளிய வழி உண்டு. எடுத்த மாதிரியில் வடிகட்டுவதற்கு முன்பே மெத்தனால் கலந்தால் படிந்தது கரைந்துவிடும், ஓடிக்கொண்டிருக்கும் வினையும் ஏறக்குறைய நின்றுவிடும். இன்னொரு குறுக்குச் சோதனை குளோரைடு. டைக்ளோஃபெனாக்கின் எடையில் ஏறத்தாழ 24 விழுக்காடு குளோரின். லிட்டருக்கு 50 மி.கி. மருந்து உண்மையாகவே முழுதும் உடைந்தால் 12 மி.கி. குளோரைடு நீரில் தோன்றியாக வேண்டும். கரிமக் கார்பன் சுமார் 28 மி.கி.யிலிருந்து பூஜ்ஜியத்தை நோக்கி இறங்க வேண்டும். மருந்தின் சிகரம், குளோரைடு, கார்பன் மூன்றையும் ஒரே வரைபடத்தில் காட்டாத அறிக்கையில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் இடம்: உப்புக்குப் பதில் தாது

இரும்பு உப்புக்கு இரண்டு தொல்லைகள். நீரை முதலில் அமிலமாக்க வேண்டும், முடிந்ததும் நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது மொத்த இரும்பும் சேறாகப் படியும். இயற்கைத் தாது இந்த இரண்டையும் தவிர்க்கும் என்பதுதான் அதன்மேல் இருக்கும் நம்பிக்கை. திடப்பொருளாக இருப்பதால் வடித்து மறுபடி பயன்படுத்தலாம், தயாரிப்புச் செலவும் அரைப்பதோடு முடிந்துவிடும்.

ஹேமடைட்டை எடுத்துக்கொள்வோம். செம்மண்ணின் நிறத்துக்குக் காரணமான இரும்பு ஆக்சைடு. ஒளிவினையூக்கி (ஒளி பட்டால் வினையை முடுக்கும் பொருள்) என்றாலே எல்லோரும் சொல்லும் டைட்டானியம் டைஆக்சைடின் அனடேஸ் வடிவத்துக்கு ஆற்றல் இடைவெளி, அதாவது அதை எழுப்ப ஒளி தர வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட். 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம்தான் அதை எழுப்பும். தரையில் விழும் சூரிய ஆற்றலில் புற ஊதா 4, 5 விழுக்காடுதான். ஹேமடைட்டின் இடைவெளியோ சுமார் 2.2, பச்சை ஒளி வரை உறிஞ்சும். அப்படியானால் வெயிலில் ஹேமடைட்தானே ஜெயிக்க வேண்டும்? ஜெயிப்பதில்லை. ஒளியால் பிரிந்த மின்சுமைகள் ஹேமடைட்டுக்குள் சில நானோமீட்டர் தூரம் நகர்வதற்குள் மறுபடி சேர்ந்துவிடுகின்றன. மேற்பரப்புக்கு வந்து நீரோடு வேலை செய்யக் கிடைப்பவை சொற்பம். ஒளியை உறிஞ்சுவதையும் அதை வைத்து வேலை செய்வதையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு 'கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இயங்கும் கனிமம்' என்று விளம்பரம் செய்வது இந்தத் துறையின் பழைய வியாதி.

மேக்னடைட் என்ற இன்னொரு இரும்பு ஆக்சைடு கொஞ்சம் மேல். அதன் படிகத்திலேயே இரண்டு சுமை இரும்பும் இருப்பதால் பெராக்சைடை உடைக்கும் வேலை உடனே தொடங்குகிறது. வேலை முடிந்ததும் காந்தத்தைக் காட்டினால் நீரிலிருந்து ஒதுங்கிவிடும். நடைமுறையில் இது சின்ன விஷயமே இல்லை. பொடித்த தாதை நீரிலிருந்து பிரிப்பதுதான் பல சோதனைகள் மேசையை விட்டு இறங்காததற்குக் காரணம். இரும்பும் டைட்டானியமும் கலந்த இல்மனைட்டும் இந்த வரிசையில் வரும், ஆனால் காந்தத்துக்கு மேக்னடைட்போல இழுபடாது.

பைரைட் முற்றிலும் வேறு குணம். இரும்பும் கந்தகமும் சேர்ந்த, பொன்போலப் பளபளக்கும் தாது. காற்றும் நீரும் பட்டால் அது தானே கந்தக அமிலத்தையும் கரைந்த இரும்பையும் வெளியிடுகிறது. ஃபென்டன் வினைக்குத் தேவையான அமிலத்தையும் இரும்பையும் அந்தக் கல்லே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது. பைரைட்டையும் பெராக்சைடையும் வைத்து டைக்ளோஃபெனாக்கை வேகமாகச் சிதைத்த சோதனைகள் இருக்கின்றன. ஆனால் இந்த அமிலம்தான் கைவிடப்பட்ட சுரங்கங்களிலிருந்து ஓடைகளைச் செந்நிறமாக்கி மீன்களைக் கொல்வது. தவிர, இயற்கைப் பைரைட்டில் ஆர்செனிக் ஒட்டிக்கொண்டு வருவது சாதாரணம். மருந்தை எடுக்கப் போய் ஆர்செனிக்கை விட்டுவிட்டு வரக்கூடாது. 'இயற்கை' என்ற அடைமொழி இங்கே எந்த உத்தரவாதமும் தருவதில்லை. ஒரே பெயருள்ள தாது ஒவ்வொரு சுரங்கத்திலும் ஒவ்வொரு கலப்போடு கிடைக்கும்.

எந்தத் தாதைப் போட்டாலும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: வினை தாதின் மேற்பரப்பில் நடக்கிறதா, அல்லது தாதிலிருந்து கரைந்து வந்த இரும்பு நீருக்குள் நடத்துகிறதா? பாதி வழியில் தாதை வடித்து எடுத்துவிட்டு, எஞ்சிய தெளிந்த நீரைத் தொடர்ந்து வெயிலில் வைத்தால் தெரிந்துவிடும். அப்போதும் மருந்து அதே வேகத்தில் குறைந்தால், தாது என்பது வேறொன்றுமில்லை, மெதுவாகக் கரையும் இரும்பு உப்பு. அது தப்பில்லை. ஆனால் 'மறுபயன்பாட்டுக்குரிய வினையூக்கி' என்று அப்புறம் சொல்லக்கூடாது.

களிமண்ணையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அது மருந்தைப் பொறுத்தது. மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண்ணின் படலங்கள் எதிர்மின்சுமை கொண்டவை. சிப்ரோஃப்ளாக்சசின்போன்ற, நேர்மின்சுமை ஏந்தும் மருந்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். எதிர்ச்சுமையுள்ள டைக்ளோஃபெனாக்கை அதே களிமண் தள்ளிவிடும். மேலும் கவ்விப் பிடிப்பது அழிப்பதாகாது. இருட்டில் தாதோடு வைத்துப் பார்த்த ஒப்புச் சோதனை இல்லாவிட்டால் வெயில் எவ்வளவு செய்தது, ஒட்டல் எவ்வளவு செய்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

உண்மையான நீரில் ஒரு கணக்கு

ஆய்வக மேசையில் மருந்தைப் பெரும்பாலும் தூய நீரில், லிட்டருக்கு 10 அல்லது 50 மி.கி. என்று கலக்கிறார்கள். சுத்திகரித்த கழிவுநீரிலோ லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவில்தான் இருக்கும். குறைவாக இருந்தால் சுலபம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஹைட்ராக்சில் தனியுறுப்பு டைக்ளோஃபெனாக்கைத் தாக்கும் வேக மாறிலி (எவ்வளவு வேகமாகத் தாக்குகிறது என்பதன் அளவு), மோலார் அலகில், வினாடிக்குச் சுமார் 750 கோடி. நீரில் இயல்பாகவே இருக்கும் பைகார்பனேட்டுக்கு வெறும் 85 லட்சம். மருந்துதான் கிட்டத்தட்ட 900 மடங்கு வேகம். ஆனால் ஹைட்ராக்சிலுக்கான போட்டியைத் தீர்மானிப்பது வேகத்தோடு அளவையும் பெருக்கி வரும் எண். ஒரு மைக்ரோகிராம் மருந்துக்கு அது சுமார் 25. லிட்டருக்கு 300 மி.கி. பைகார்பனேட் இருக்கும் சாதாரண நீரில் பைகார்பனேட்டின் பங்கு சுமார் 42,000. அந்த நீரில் 5 மி.கி. இயற்கைக் கரிமக் கார்பன் இருந்தால் அதன் பங்கு சுமார் 1,25,000. ஆக, பிறக்கும் ஹைட்ராக்சில்களில் ஏறத்தாழ 6,700இல் ஒன்றுதான் மருந்தைத் தொடுகிறது. மற்றதெல்லாம் வழியிலேயே செலவாகிவிடுகிறது.

அதே நீரில் 50 மி.கி. மருந்தைப் போட்டால்? மருந்தின் பங்கு 12 லட்சத்தைத் தாண்டும். பத்தில் ஒன்பது பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஹைட்ராக்சில் மருந்துக்கே போகும். ஆய்வக வரைபடம் அவ்வளவு அழகாக இறங்குவதன் ரகசியம் இதுதான். பெராக்சைடின் ஒவ்வொரு துளிக்கும் பணம் கொடுக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால், செலவு எங்கே இருக்கிறது என்பதும் புரியும். வெயில் இலவசம், தாது மலிவு. விலை முழுக்கப் பெராக்சைடில் இருக்கிறது. பெராக்சைடு சேர்க்காமல் தாதையும் வெயிலையும் மட்டும் வைத்துச் செய்யலாமே என்றால், செய்யலாம், ஆனால் வேகம் வெகுவாக விழுந்துவிடும்.

பைகார்பனேட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. நீரை அமிலமாக்கினால் அது கார்பன் டைஆக்சைடாகப் பறந்துவிடும். பைரைட்டின் அமிலம் இங்கே இரண்டாவது முறையாக உதவுகிறது. கழிவுநீரில் இருக்கும் பாஸ்பேட்டுக்கு அப்படி ஒரு வழி இல்லை. அது இரும்பு ஆக்சைடின் மேற்பரப்பில் இறுகப் பிடித்துக்கொண்டு, வினை நடக்க வேண்டிய இடங்களை அடைத்துவிடும். தூய நீரில் பல சுற்றுக்குத் தாங்கிய தாது, கழிவுநீரில் சீக்கிரம் சோர்வது பெரும்பாலும் இதனால்தான்.

எங்கே பொருந்தும்

ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் டைக்ளோஃபெனாக்கை நீர்நிலைகளில் கண்காணிக்க வேண்டிய பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. 2024இல் திருத்தப்பட்ட நகர்ப்புறக் கழிவுநீர்ச் சட்டம், பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் நுண்மாசுகளை அகற்ற நான்காம் கட்டச் சுத்திகரிப்பைப் படிப்படியாக அமைக்கச் சொல்கிறது. அதில் 80 விழுக்காடு அகற்றத்தை அளக்க வைத்திருக்கும் அடையாளப் பொருள்களில் டைக்ளோஃபெனாக்கும் ஒன்று. அந்த நிலையங்கள் ஓசோனையோ கிளர்வூட்டிய கார்பனையோதான் நாடப்போகின்றன. ஓசோன் டைக்ளோஃபெனாக்கை நொடிகளில் தாக்கிவிடும். இரவும் மேகமும் பாராமல் ஓடும் நகரச் சாக்கடைக்குத் தாதும் வெயிலும் ஈடுகொடுக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பொருந்தும் இடம் வேறு. மருந்து ஆலையின் கழிவோடை, மருத்துவமனையின் தனி வடிகால் மாதிரி அளவு குறைந்து செறிவு மிகுந்த நீர். மேலே போட்ட கணக்கு அங்கே நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. உயிரியல் சுத்திகரிப்பு முடிந்து, கலங்கல் வடிந்த பிறகு இதை வைக்க வேண்டும். கலங்கிய நீருக்குள் ஒளி இறங்காது. விலை கூடிய கண்ணாடிக் குழாய்களுக்குப் பதிலாக, துடுப்புச் சக்கரம் சுழற்றும் ஆழமில்லாத ஓடைக் குளங்களை அல்மேரியாவிலேயே பின்னாளில் சோதித்தார்கள். நீரின் ஆழம் 5 முதல் 15 சென்டிமீட்டர். நிலம் அதிகம் வேண்டும், கட்டும் செலவு குறைவு. ராத்திரி வரும் நீரைத் தேக்கிவைக்கத் தனித் தொட்டி வேண்டும்.

தாதைப் பொடியாக நீரில் கலக்குவதா, தட்டிலோ மணியிலோ ஒட்டி வைப்பதா என்பதில் எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. பொடி வேகம் தரும், ஆனால் அதிகம் போட்டால் பொடியே ஒளியை மறைத்துவிடும். வடித்தெடுக்கும் செலவும் உண்டு. ஒட்டிய தாது வேகம் குறைந்தது என்றாலும் நீரோடு போய்விடாது. எப்படி வைத்தாலும், ஓய்ந்துபோன தாதைக் கொட்டுவதற்கு முன் அதில் மருந்து எவ்வளவு ஒட்டியிருக்கிறது, வெளியேறும் நீரில் ஆர்செனிக், குரோமியம், எஞ்சிய பெராக்சைடு எவ்வளவு என்று அளந்தாக வேண்டும். பெராக்சைடு மிச்சமிருந்தால் அதுவே மீனுக்கு நஞ்சு. அதை உடைத்துவிட்டு, பாசியையும் நீர்த்தெள்ளையும் அந்த நீரில் விட்டுப் பார்த்த பிறகுதான் மதகைத் திறக்கலாம்.